பழைய றோட்ஸ்ரரில் குளிர்விக்கும் விசிறி சுழலாவிட்டால்

வெயில் ஏறிய பகலொன்றில் திருகோணமலையின் உவர்மலையிலிருந்து இறங்கிப் பத்திரகாளி அம்மன் கோயிலடி நெரிசலில் ஐந்து நிமிடம் நின்றால் வெப்பமானியின் முள் மேலே ஏறுகிறது. நெரிசல் கலைந்து உப்புவெளிப் பக்கமாக ஓடத் தொடங்கியதும் அதே முள் தானாகவே இறங்கிவிடுகிறது. இப்படி நடந்தால், ரேடியேற்றரில் கை வைப்பதற்கு முன் அதன் பின்னாலிருக்கும் விசிறியைச் சந்தேகிக்க வேண்டும். கார் ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேற்றரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போதும் ஊரும்போதும்தான் முழுப் பொறுப்பும் விசிறியின்மேல் விழுகிறது. இதற்கு மாறாக, நிலாவெளி வீதியில் ஒரே வேகத்தில் ஓடும்போது சூடேறுமானால் விசிறியில் பிழையில்லை. அப்போது அடைபட்ட ரேடியேற்றர், முழுதாகத் திறக்காத தெர்மோஸ்ரற் (சூடானதும் நீரை ரேடியேற்றருக்கு விடும் வால்வு), தேய்ந்த தண்ணீர்ப் பம்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். முன்பம்பருக்கு அடியில் காற்றை ரேடியேற்றருக்குத் திருப்பிவிடும் பிளாஸ்ரிக் தட்டு இருக்கிறதா என்றும் குனிந்து பார்க்க வேண்டும். அதைத் தேவையற்ற பொருளென்று கழற்றி மூலையில் போட்டுவிட்டுப் பிறகு எஞ்சினைக் குறை சொல்பவர்கள் பலர்.

நான் இங்கே விளக்குவது முதல் தலைமுறை மஸ்டா எம்.எக்ஸ்-5 காரைப் பற்றியே. 1989 பெப்ரவரியில் சிக்காகோ வாகனக் கண்காட்சியில் அறிமுகமாகி, யப்பானில் யூனொஸ் றோட்ஸ்ரர் என்ற பெயரில் விற்கப்பட்ட அந்த இரண்டு இருக்கைக் காரின் 1.6 லீற்றர் மாதிரிதான் என்னிடமும் இருக்கிறது. அந்தக் காலத்து வேறு கார் வைத்திருப்பவர்களுக்கும் தேடும் வரிசை இதுவே. வேறுபடும் ஓரிடத்தைக் கீழே குறிப்பிட்டிருக்கிறேன்.

என் காரின் விசிறி முதன்முறை நின்றபோது, காட்டிய பட்டறையில் மோட்டார் எரிந்துவிட்டதென்று சொன்னார்கள். கொழும்பிலிருந்து பழைய மோட்டாரொன்றை வரவழைத்துப் பூட்டினார்கள். ஒரு வாரம் நன்றாகச் சுழன்றது, எட்டாம் நாள் அதுவும் நின்றது. எரிந்துவிட்டதென்று கழற்றிய முதல் மோட்டார் இன்றும் என் வீட்டு அலுமாரியில் இருக்கிறது, பற்றரியில் கொடுத்தால் அழகாகச் சுழல்கிறது. பிழை ஒரு முழ நீளக் கறுப்பு வயரின் முனையில் இருந்தது. கடலோரத்தில் ஓடும் காரில் மோட்டாரைக் கடைசியாகச் சந்தேகிக்க வேண்டும் என்பதை இப்படித்தான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

வேலையைத் தொடங்குமுன் எஞ்சின் முழுதாக ஆறட்டும். ரேடியேற்றர் மூடி உள்ளே ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூடுதலாகப் பிடித்து வைத்திருப்பதால், உள்ளிருக்கும் நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும்; மூடியைத் திறந்த கணமே அழுத்தம் போய் அது முழுவதும் கொதித்து முகத்தில் பாயும். மேல்குழாயைக் கையால் தாராளமாகப் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறாமல் மூடியைத் தொடாதீர்கள். சாவி போட்டிருக்கும் காரில் விசிறி எப்போது வேண்டுமானாலும் சுழலத் தொடங்கலாம் என்பதால், இதழ்களுக்குள் கை விடும் ஒவ்வொரு வேலைக்கும் முன் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிவிடுங்கள். இந்தக் காரில் பற்றரி பொனற்றுக்குள் இல்லை, பின்பக்கச் சாமான் அறையில் இருக்கிறது. அது தெரியாமல் முன்னால் தேடிக் களைத்தவர்கள் உண்டு.

முதலில் சாவி போடாமல் கண்ணால் பாருங்கள். ரேடியேற்றருக்குப் பின்னால் பிரதான விசிறி இருக்கும். ஏசி உள்ள காரில் அதன் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கும். ஏசியைப் போட்டதும் ஏதோ ஒரு விசிறி சுற்றுவதைக் கண்டு திருப்திப்பட்டுவிடக் கூடாது, ஏனெனில் பிரதான விசிறி செத்துக் கிடக்க மற்றது மட்டும் சுற்றிக்கொண்டிருக்கலாம். பற்றரி கழற்றிய நிலையில் பிரதான விசிறியின் இதழை விரலால் தட்டிவிடுங்கள். அது இலகுவாகச் சில சுற்று ஓடி நிற்க வேண்டும். கரகரத்தாலோ இறுகினாலோ அந்த மோட்டார் உண்மையிலேயே சந்தேகத்துக்குரியது. கையோடு ரேடியேற்றரின் மேல் பிளாஸ்ரிக் தொட்டியின் நிறத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். புதிதில் கறுப்பாக இருந்த அது பச்சை கலந்த பழுப்புக்கு மாறியிருந்தால் பிளாஸ்ரிக் உக்கிவிட்டது என்று பொருள். விசிறியைத் திருத்தினாலும் அது ஒருநாள் நடுவழியில் வெடிக்கும்.

அடுத்து வருவது இந்தக் காரின் பொறியியலாளர்கள் நமக்குச் செய்து வைத்த பேருதவி. எஞ்சின் அறையின் பின்பக்கத்தில் ‘டயக்னோசிஸ்’ என்று எழுதிய சிறிய கறுப்புப் பெட்டி ஒன்று உண்டு. அதன் மூடியைத் திறந்தால், எந்தத் துளை எது என்பது மூடியின் உட்புறத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். அவற்றில் ‘ரி.எஃப்.ஏ.’ என்ற துளையையும் ‘ஜி.என்.டி.’ என்ற துளையையும் சிறு வயர்த்துண்டால் இணைத்து, பற்றரியை மீண்டும் பூட்டி, எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் ‘ஓன்’ நிலைக்குத் திருப்பினால் பிரதான விசிறி சுழல வேண்டும். நீரின் சூட்டை உணரும் வெப்ப சுவிச் செய்ய வேண்டிய வேலையை, அதாவது ரிலேச் (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிச்) சுருளின் மறுமுனையை எர்த்தோடு (காரின் இரும்பு உடலோடு) இணைப்பதை, இங்கே வயர்த்துண்டு செய்கிறது. பெட்டியில் பற்றரியின் நேர்முனை வரும் துளையும் இருப்பதால், மூடியை ஒன்றுக்கு இரண்டு முறை வாசித்த பிறகே வயரைச் செருகுங்கள். துளை மாறினால் பியூஸ் போகும், வயரும் எரியக்கூடும்.

வயரைச் செருகியதும் விசிறி வேகமாகச் சுழன்றால் மோட்டார், பியூஸ், ரிலே, எர்த் எல்லாம் வேலை செய்கின்றன. பிழை வெப்ப சுவிச்சிலோ அதற்குப் போகும் வயரிலோ இருக்கிறது. சுழலவே இல்லையென்றால் மின்னோட்டம் வரும் வழியைப் பின்தொடர வேண்டும். மூன்றாவது நிலையும் உண்டு, அதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்: விசிறி சுழல்கிறது, ஆனால் சோம்பலாகச் சுழல்கிறது. சுற்றுகிறதே என்று பொனற்றை மூடிவிடாதீர்கள். காரின் முகப்பில் ஒரு செய்தித்தாள் பக்கத்தைப் பிடித்துப் பாருங்கள். நல்ல விசிறி அதை இழுத்து ஒட்டிக்கொள்ளும், சோம்பல் விசிறி தாளின் ஓரத்தை ஆட்டுவதோடு சரி. மோட்டார் மாற்றிய பிறகும் இதே சோதனையைச் செய்யுங்கள். வயர் இரண்டும் இடம் மாறியிருந்தால் விசிறி எதிர்த்திசையில் சுற்றித் தாளைத் தள்ளும்.

விசிறி சுழலாவிட்டால் பியூஸில் தொடங்குங்கள், ஆனால் அங்கே அதிக நேரம் செலவிட வேண்டாம். எஞ்சின் அறைப் பியூஸ் பெட்டியில் ‘கூலிங் ஃபான்’ என்று எழுதிய 30 அம்பியர் பியூஸைக் கழற்றி மல்ரிமீற்றரால் தொடர்ச்சி (மின் அறுபடாமல் போகிறதா என்று) பாருங்கள். எரிந்திருந்தால் அதே அளவில் ஒன்றைப் போடுங்கள். போட்டதும் மீண்டும் எரிந்தால் மோட்டார் இறுகியிருக்கிறது, அல்லது எங்கோ வயர் உராய்ந்து உடலில் படுகிறது. 30 போகிறதே என்று 40 போடுவது, பியூஸுக்குப் பதிலாக வயரை எரியவிடும் வேலை.

பியூஸ் நன்றாயிருந்தால், வயர்த்துண்டு அப்படியே இருக்க, ரிலேயின்மேல் விரலை வைத்துக்கொண்டு, உதவிக்கு வந்தவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். ‘டிக்’ என்று விரலில் தட்டாவிட்டால் சுருளுக்கு மின் வரவில்லை, அல்லது சுருள் அறுந்திருக்கிறது. தட்டினாலும் ரிலே நல்லதென்று முடிவு செய்ய முடியாது. சுருள் இழுப்பதால்தான் சத்தம் வருகிறது. மோட்டாருக்கு மின்னைக் கடத்தும் தொடுமுனைகள் கருகியிருந்தாலும் அதே சத்தம் வரும். பக்கத்தில் அதே வடிவ ரிலே வேறு வேலைக்கு இருந்தால் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிடத்தில் விடை கிடைத்துவிடும்.

இனி வருவது திருகோணமலைக்காரர் ஒவ்வொருவரும் நின்று நிதானித்துச் செய்ய வேண்டிய பகுதி. எங்கள் ஊரில் வைகாசி தொடக்கம் கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டி விசிறிக்கு ஓய்வில்லாமல் வேலை கொடுக்கிறது. அதன் பிறகு வாடைக்காற்று கடலின் உப்பை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து கொட்டுகிறது. வீட்டு யன்னல் கம்பியைத் தின்னும் அந்த உப்பு காரின் செப்பு வயர் முனைகளை விட்டுவைக்குமா? விசிறியின் செருகி ரேடியேற்றருக்குப் பக்கத்தில், முகப்பு வழியாக வரும் காற்றுக்கும் மழைத்தூவலுக்கும் நேராக இருக்கிறது. எர்த் வயரோ வெறும் ஒரு திருகாணியின் கீழ் உடலின் இரும்புத் தகட்டில் பிடிக்கப்பட்டிருக்கிறது.

இந்தப் பழுதை வெறும் வோல்ற்று அளந்து பிடிக்க முடியாது. பட்டறையில் என் காரின் செருகியைக் கழற்றி மீற்றரை வைத்தபோது 12.3 வோல்ற்று காட்டியது. மின் ஒழுங்காக வருகிறது, ஆகவே மோட்டார்தான் பிழை என்று முடிவு கட்டினார்கள். மீற்றர் எடுக்கும் மின்னோட்டம் மிகமிகச் சிறியது என்பதால், வயரில் ஒரேயொரு செப்பிழை மிஞ்சியிருந்தாலும் அது 12 வோல்ற்றைக் காட்டும். செருகியை மாட்டிய நிலையில், மோட்டாரை இயங்கவிட்டு, செருகியின் பின்புறத் துவாரங்கள் வழியாக மீற்றரின் ஊசிகளை வயருக்குள் இறக்கி அளக்க வேண்டும். நான் வீட்டில் அப்படி அளந்தபோது, பற்றரியில் 12.1 வோல்ற்று இருக்க, மோட்டாரின் இரு வயர்களுக்கும் இடையில் 7.1 மட்டுமே இருந்தது. மீதி 5 வோல்ற்று எங்கே போனது?

அதைக் கண்டுபிடிக்க மீற்றரின் ஒரு ஊசியை மோட்டாரின் கறுப்பு வயரிலும் மற்றதைச் சுத்தமாகச் சுரண்டிய உடல் இரும்பிலும் வைத்தேன். எர்த் நன்றாயிருந்தால் அங்கே 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டக் கூடாது, எனக்கு 4.6 காட்டியது. விசிறி அப்போது இழுத்துக்கொண்டிருந்தது 5 அம்பியர் அளவு. ஆக, அந்த ஒரு முனையில் மட்டும் ஏறக்குறைய 1 ஓம் தடை உட்கார்ந்திருந்தது. வீட்டு மின்கணக்கில் 1 ஓம் பெரிதாகத் தோன்றாது. 12 வோல்ற்றுக் காரின் விசிறிச் சுற்றிலோ அது மோட்டாரின் உயிரில் மூன்றிலொரு பங்குக்கு மேல் உறிஞ்சிவிடுகிறது. நேர்முனைப் பக்கத்தையும் இதேபோல் அளங்கள்: ஒரு ஊசி பியூஸில், மற்றது மோட்டாரின் நேர் வயரில். அங்கே 0.5 வோல்ற்றுக்கு மேல் இழப்பு இருந்தால் ரிலேயின் தொடுமுனையோ செருகியோ காரணம்.

எர்த் திருகாணியைக் கழற்றியபோது வயரின் முனை வளையம் பச்சைக் களிம்பு பூத்து, பழைய கோயில் குத்துவிளக்கின் அடிப்பாகம்போல இருந்தது. வளையத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்கி மீண்டும் பூட்டினேன், இழப்பு 4.6 இலிருந்து 2.9 ஆகத்தான் குறைந்தது. காரணம் உறைக்குள் இருந்தது. வயரின் உறையை ஓர் அங்குலம் சீவிப் பார்த்தால் செப்பிழைகள் புகையிலைத் தூள்போலக் கறுத்துக் கிடந்தன, விரலால் தேய்த்தால் உதிர்ந்தன. உப்பு ஈரம் இழைகளுக்கு இடையில் எண்ணெய்த் திரியில் ஏறுவதுபோல ஏறிவிடுகிறது. ஆகவே செம்பு செம்பாக மின்னும் இடம் வரும்வரை வயரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். எனக்கு நான்கு அங்குலம் போனது. அதன்பின் அதே தடிப்புள்ள புதிய வயரை ஈயம் வைத்து ஒட்டி, வெப்பத்தில் சுருங்கும் குழாயை மேலே ஏற்றி, ஈயப்பூச்சுள்ள புதிய வளையத்தை அழுத்திப் பிடிக்க வைத்தேன். உடல் தகட்டில் பெயின்றும் துருவும் போய் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, திருகாணியை இறுக்கிய பிறகே மேலால் வாசலின் பூசினேன். வாசலினை முதலில் பூசிவிட்டு இறுக்குவதைவிட இது நல்லது, இரும்பும் வளையமும் நேரடியாகக் கடித்துக்கொள்ளும். மீண்டும் அளந்தபோது இழப்பு 0.06 வோல்ற்று. செலவு ஒரு தேநீர்க் காசுக்கும் கொஞ்சம் மேலே.

மோட்டாரே பழுதென்று சந்தேகம் வந்தால் அதைத் தனியாகச் சோதியுங்கள். காரின் பற்றரி பின்னால் இருப்பதால், முச்சக்கரவண்டியின் 12 வோல்ற்றுப் பற்றரி ஒன்றை இரவல் வாங்கி முன்னால் வைத்துக்கொள்வது வசதி. நடுவில் 20 அம்பியர் பியூஸ் போட்ட வயரால் மோட்டாருக்கு நேரே மின் கொடுங்கள். சுழலாவிட்டால் ஸ்குறூட்றைவரின் கைப்பிடியால் மோட்டாரின் முதுகில் மெல்லத் தட்டுங்கள். தட்டியதும் சுழன்றால், உள்ளே சுழலும் பகுதிக்கு மின்னைக் கொடுக்கும் கரித்துண்டுகள் தேய்ந்துவிட்டன. அது இன்னும் சில நாள் ஓடும், ஆனால் நம்பி கந்தளாய் தாண்டக் கூடாது. கரித்துண்டு மாற்றிக் கொடுக்கும் மோட்டார் சுற்றுகிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள் என்றாலும், கூட்டின் விளிம்பு மடித்து மூடப்பட்டிருப்பதால் திறந்து மூடும்போது சமநிலை கெட்டு அதிர வாய்ப்புண்டு. மாற்று மோட்டார் கிடைக்குமானால் அதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

வயர்த்துண்டு சோதனையில் விசிறி நன்றாகச் சுழன்று, எஞ்சின் சூடாகும்போது மட்டும் சுழலாத காருக்கு வருவோம். 1.6 லீற்றர் மாதிரியில் வெப்ப சுவிச் தெர்மோஸ்ரற் கூட்டில் திருகப்பட்டிருக்கும். ஆறிய நிலையில் திறந்திருந்து, நீர் 97 பாகையை எட்டும்போது மூடி ரிலேயை இயக்குவது அதன் வேலை. முதலில் ரேடியேற்றரில் நீர் மட்டத்தைப் பாருங்கள். மட்டம் குறைந்து சுவிச்சைச் சுற்றிக் காற்று நின்றால், எஞ்சின் கொதித்தாலும் சுவிச்சுக்கு அது தெரியாது. நீர் நிறைந்திருந்தால் சுவிச்சைக் கழற்றி, வயரில் கட்டி, அடியில் படாதவாறு ஒரு சட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு அடுப்பை மூட்டுங்கள். திருகு நனையட்டும், மின்முனை நனையக் கூடாது. ஒரு வெப்பமானியையும் பக்கத்தில் தொங்கவிட்டு, மல்ரிமீற்றரைத் தொடர்ச்சிக்கு வைத்துக்கொண்டு காத்திருந்தால், தண்ணீர் தளதளக்கத் தொடங்கும் தறுவாயில் மீற்றர் கூவ வேண்டும். கொதித்த பிறகும் கூவாவிட்டால் சுவிச்சை மாற்றுங்கள். இந்தச் சோதனை எங்களுக்கு எளிது, கடல்மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கிறது. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால், அங்கே இதைச் செய்பவர் நல்ல சுவிச்சையும் குப்பையில் போட்டுவிடுவார்.

மேலே சொன்ன வேறுபாடு இதுதான். அக்காலத்து டொயோட்டாக்கள் பலவற்றில் சுவிச் தலைகீழாக வேலை செய்யும்: ஆறிய நிலையில் மூடியிருந்து, சூடானதும் திறந்து விசிறியை இயக்கும். அப்படிப்பட்ட காரில் சுவிச்சின் வயரைக் கழற்றினாலே சாவி போட்டதும் விசிறி சுழல வேண்டும்; மஸ்டாவுக்குச் செய்வதுபோல வயரை எர்த்தோடு இணைத்துப் பார்த்து ஒன்றும் நடக்கவில்லையே என்று குழம்ப வேண்டாம்.

சிலர் இத்தனை சோதனையும் வேண்டாமென்று, உள்ளே ஒரு சுவிச் பூட்டிக் கையாலேயே விசிறியைப் போட்டுக்கொள்கிறார்கள். துணை ஏற்பாடாக அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சுவிச் மோட்டாரின் வயரில் அல்ல, ரிலேச் சுருளின் வயரில், வெப்ப சுவிச்சுக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். சுருள் எடுப்பது அம்பியரில் ஒரு சிறு பங்கு மட்டுமே. மோட்டாரின் முழு மின்னோட்டத்தையும் ஒரு மலிவான சுவிச் வழியாக இருக்கைக்குப் பக்கத்தில் கொண்டுவருவது மடியில் நெருப்பு வைப்பதற்குச் சமம்.

சுவிச்சைக் கழற்றியவர்கள் மீண்டும் நீர் நிரப்பும்போது, காரின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, உள்ளிருக்கும் ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து, மெதுவாக ஊற்றினால் காற்று வெளியேறும். முழுக் கொள்ளளவு 6 லீற்றர். கூலன்ட் பாதி, காய்ச்சி வடித்த நீர் பாதி. உறைபனி இல்லாத ஊரில் கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, அது துருவையும் தடுக்கிறது என்பதே என் பதில். உவர்ப்பு ஏறிய எங்கள் கிணற்றுத் தண்ணீரை மட்டும் ஒருபோதும் ஊற்றாதீர்கள். காரிலிருந்து வெளியே எடுத்த கூலன்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவிட்டு எழுந்து போகவும் வேண்டாம். அது இனிப்புச் சுவையுள்ள நஞ்சு, எங்கள் நகர வீதிகளில் நாயும் ஆடும் மட்டுமல்ல, மானும் திரிகிறது.

கடைசிச் சோதனையை நண்பகலில் செய்யுங்கள். வயர்த்துண்டை அகற்றி, ஏசியை அணைத்து, எஞ்சினை நின்ற நிலையில் ஓடவிட்டு, முள்ளில் ஒரு கண்ணும் விசிறியில் ஒரு கண்ணுமாகக் கடிகாரத்தோடு நில்லுங்கள். முள் வழக்கமான இடத்தைச் சற்றுத் தாண்டியதும் விசிறி தானாகத் தொடங்கி, சிறிது நேரத்தில் நிற்க வேண்டும். மீண்டும் தொடங்கி மீண்டும் நிற்க வேண்டும். ஒரு சுற்றோடு திருப்திப்படாமல் மூன்று சுற்றுப் பாருங்கள். தொடங்கிய விசிறி நிற்காமலே சுற்றிக்கொண்டிருந்தால் ரேடியேற்றர் உள்ளே அடைபட்டிருக்கலாம், அல்லது ரிலேயின் தொடுமுனை ஒட்டிக்கொண்டிருக்கலாம். சாவியை அணைத்து ரிலேயை மெல்லத் தட்டி மீண்டும் போட்டால் எது என்பது தெரிந்துவிடும். என் கார் அன்று உவர்மலை வீட்டு முற்றத்தில் மூன்றாவது சுற்றை முடித்தபோது மணி ஒன்றரை. பின்னேரம் அதைக் கோயிலடி நெரிசலுக்குள் வேண்டுமென்றே ஓட்டிக்கொண்டு போய்க் கால்மணி நேரம் நிறுத்தி வைத்தேன். பின்னால் நின்ற பேருந்துச் சாரதி ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தார். முள் அசையவில்லை.